40-க்கு 4... கேசினோவுக்குக் கதவைச் சாத்திய டொரன்டோ!

ஊருக்கு நட்டநடுவில் ஒரு பிரமாண்ட கேசினோ. கூடவே நட்சத்திர ஹோட்டல், ஷாப்பிங் மால், கலையரங்கம். 'ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கும். வருஷா வருஷம் கஜானாவில் பணம் கொட்டும்' என்று சொன்னால் எந்த மாநகராட்சிதான் வேண்டாம் என்று சொல்லும்?

கனடாவின் டொரன்டோ சொன்னது. ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் அதே டொரன்டோதான். 2013 மே 21 அன்று நடந்த வாக்கெடுப்பில் 40 பேர் எதிர்ப்பு, 4 பேர் மட்டுமே ஆதரவு. இத்தனைக்கும் கேசினோவைக் கொண்டுவர ஆசைப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை, நகரத்தின் மேயர் ராப் ஃபோர்டு!

எங்கே ஆரம்பித்தது?

ஒன்டாரியோ மாகாணத்தில் சூதாட்டம் அரசின் கையில் இருக்கும் தொழில். 'ஒன்டாரியோ லாட்டரி அண்ட் கேமிங் கார்ப்பரேஷன்' என்ற அரசு நிறுவனம்தான் லாட்டரி முதல் கேசினோ வரை எல்லாவற்றையும் கவனிக்கிறது. 2012-ல் இந்த நிறுவனம் வருமானத்தைப் பெருக்க ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தது. டொரன்டோ வட்டாரத்தில் ஒரு புதிய கேசினோ என்பது அதில் முக்கியமான அம்சம்.

உடனே லாஸ் வேகாஸ் முதலாளிகளின் பார்வை டொரன்டோ பக்கம் திரும்பியது. எம்.ஜி.எம். நிறுவனம் குறிவைத்தது, ஏரிக்கரையில் இருக்கும் எக்ஸிபிஷன் பிளேஸ் மைதானத்தை. 1879-லிருந்து கோடைக்கால முடிவில் மாபெரும் கண்காட்சி நடக்கிற இடம் அது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருவார்கள். சி.என். டவருக்குப் பக்கத்தில் உள்ள கன்வென்ஷன் சென்டர் வளாகத்துக்கும் இன்னொரு திட்டம் தயாரானது.

ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. உள்ளூர் நகர சபை சம்மதிக்காமல் புது கேசினோ கட்ட முடியாது என்பது மாகாணத்தின் விதி. அதனால் முடிவு கவுன்சிலர்களின் கைக்கு வந்தது.

பணமா, குடும்பமா?

கேசினோவுக்கு இடம்கொடுக்கும் ஊருக்கு, அதன் வருமானத்தில் ஒரு பங்கு போகும். வருஷத்துக்கு 10 கோடி டாலராவது வேண்டும் என்று எதிர்பார்த்தார் மேயர் ஃபோர்டு. 'அந்தப் பணம் வந்தால் வரிச்சுமை குறையும், கட்டட வேலையில் தொடங்கி ஹோட்டல் வேலை வரை கிடைக்கும்' என்பது ஆதரவாளர்களின் வாதம். வேலை தேடி அலைகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஏப்ரல் மாதம் மேயரின் நிர்வாகக் குழுவும் நிபந்தனைகளோடு சம்மதம் சொன்னது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். கவுன்சிலர் மைக் லேட்டன் போன்றவர்கள் சபைக்குள் ஆதரவு திரட்டினார்கள். 'நல்ல நகரத்தின் உயிரோட்டம் அதன் தெருக்களில் இருக்கிறது. கேசினோவோ வந்தவர்களை வெளியே விடாமல் உள்ளேயே சாப்பிட வைத்து, தூங்கவும் வைத்துவிடும். அக்கம்பக்கத்துக் கடைக்காரருக்கு என்ன லாபம்?' என்ற கேள்வி எழுந்தது. நகர ஆய்வாளர் ரிச்சர்டு ஃப்ளோரிடாவும் கடுமையாக எதிர்த்தார்.

எல்லாவற்றையும்விட அழுத்தமான குரல் மருத்துவத் துறையிலிருந்து வந்தது. கேசினோ பக்கத்தில் வந்தால் சூதுக்கு அடிமையாவோர் எண்ணிக்கை கூடும் என்று எச்சரித்தார் நகரின் தலைமை சுகாதார அதிகாரி டேவிட் மெக்கியோன். கடன், மன அழுத்தம், உடைந்துபோகும் குடும்பம், தற்கொலை எண்ணம் என்று பாதிப்பின் பட்டியல் நீண்டது. ஆடுபவர் ஒருவர்தான். அடி விழுவது வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும்.

2004-ல் ஒன்டாரியோவில் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு உண்மையையும் சொல்லியிருந்தது. சூதாட்டத்தால் பிரச்னைக்கு ஆளானவர்கள் மக்கள்தொகையில் 4.8 சதவிகிதம்தான். ஆனால், மாகாணத்தின் சூதாட்ட வருமானத்தில் சுமார் 36 சதவிகிதம் அவர்களிடமிருந்தே வந்தது! அதாவது, கஜானாவில் கொட்டும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நிறுத்த முடியாமல் தவிப்பவர்களின் பணம்.

கைவிட்ட மேயர், விடாத கவுன்சிலர்கள்

'டொரன்டோவுக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது, எல்லா ஊருக்கும் ஒரே கணக்குதான்' என்று மாகாண முதல்வர் கேத்லீன் வின் சொல்லிவிட்டார். அந்தக் கணக்குப்படி மேயர் கேட்டதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். மே 16 அன்று, 'கேசினோ திட்டம் முடிந்தது' என்று அறிவித்த ஃபோர்டு, அதற்காகக் கூட்டியிருந்த சிறப்புக் கூட்டத்தையும் ரத்து செய்தார். அதே நாளில் லாட்டரி நிறுவனத்தின் தலைவர் பால் காட்ஃப்ரேயின் பதவியும் பறிபோனது.

இங்கேதான் திருப்பம். 'அதுதான் முடிந்துவிட்டதே' என்று கவுன்சிலர்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டெடுப்பு நடக்காவிட்டால் நாளைக்கே திட்டம் வேறு வேஷத்தில் திரும்பி வரும் என்று நினைத்தவர்கள், பெரும்பான்மை உறுப்பினர்களின் கையெழுத்தை வாங்கி அந்தக் கூட்டத்தை நடத்தியே காட்டினார்கள். 40-க்கு 4 என்ற முடிவு அப்படித்தான் பதிவானது.

நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், வுட்பைன் குதிரைப் பந்தய மைதானத்தில் ஏற்கெனவே இருந்த சூதாட்ட வசதியை விரிவாக்கும் யோசனையும் அன்றைக்குத் தோற்றது. ஆனால், 24-க்கு 20 என்ற குறைந்த வித்தியாசத்தில்.

அந்த வித்தியாசம் நீடிக்கவில்லை. 2015-ல் வுட்பைன் விரிவாக்கத்துக்குச் சபை அனுமதி கொடுத்தது. 2023-ல் அங்கே பெரிய கேசினோ ரிசார்ட்டே திறக்கப்பட்டது. நகரத்தின் மையம் தப்பித்தது, விளிம்பு தப்பவில்லை.

இதற்கிடையே 2022 ஏப்ரலில் தனியார் ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களுக்கும் ஒன்டாரியோ கதவைத் திறந்துவிட்டது. ஏரிக்கரைக்கு வராத கேசினோ, இப்போது சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கே வந்துவிட்டது. இதற்கு எந்த நகர சபையின் சம்மதமும் தேவைப்படவில்லை.

ஊருக்குள் நுழைவதைத் தடுக்க 40 ஓட்டுகள் இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததைத் தடுக்கும் ஓட்டு, இனி அந்தந்த வீட்டில் இருப்பவர்களிடம்தான்!