கொல்லை மாமரத்தில் கதண்டு!

எங்கள் வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறது. கொல்லையில் ஒரு மாமரம், ஒரு கொய்யா, நாலு வாழை. மாமரத்துக் கிளைக்கும் கிணற்றடித் தூணுக்கும் நடுவே துணி உலர்த்தக் கொடி கட்டியிருந்தோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் துணி காயப்போட்டது அந்தக் கொடியில்தான்.

2023-ஆம் வருஷம் ஆனி மாதம், அந்த மாமரத்தில் எலுமிச்சம்பழ அளவில் சாம்பல் நிறத்தில் ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். காகிதத்தில் செய்த மாதிரி அழகாக இருந்தது. 'ஏதோ பூச்சிக் கூடு' என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இந்தக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

புரட்டாசியில் கொய்யா பழுத்தது. கீழே விழுந்து நசுங்கிய பழங்களில், கறுப்பு உடம்பும் வயிற்றில் மஞ்சள் பட்டையுமாகக் கதண்டுகள் மொய்த்தன. (குளவி இனத்தில் பெரிய இதை எங்கள் பக்கம் கதண்டு என்போம். தெற்கே கடந்தை என்பார்கள்.) "பழ வாசனைக்கு வருது" என்று பழங்களைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினேன். அப்படியும் மாமரத்தைச் சுற்றி 'ஙொய்' என்ற சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நனைந்த போர்வையைக் கொடியில் போட்டு இழுத்தேன். கனத்தில் கிளை ஆடியது. அவ்வளவுதான்! கழுத்தில் நெருப்பை வைத்த மாதிரி ஒரு கொட்டு. அலறிக்கொண்டு துண்டால் விசிறினேன். விசிற விசிற இன்னும் நாலைந்து சூழ்ந்துகொண்டன.

பின்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மாமியார், 68 வயசுக்காரர், தண்ணீர்த் தொட்டி அருகே கிடந்த ஈரச் சாக்கோடு ஓடி வந்தார். என் தலையில் அதைப் போர்த்தி, தரதரவென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். எனக்கு நாலு கொட்டு. அவருக்கு ஒன்பது!

"எனக்கு ஒண்ணுமில்லடி, நீ உட்காரு" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து எனக்குத் தடவினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவர் முகம் வீங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியது. "நெஞ்சை அடைக்குதுடி" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. என் பெரிய பெண்தான் 108-க்கு போன் செய்தாள். அவர் கையிலிருந்த மோதிரத்தையும் வளையலையும் நல்லவேளை அப்போதே கழற்றினோம். பிறகு விரல்கள் வாழைப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டன.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, அன்றிரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தேனீ கொட்டினா கொடுக்கு உடம்பிலேயே தங்கிடும். அது செத்துப்போகும். கதண்டு அப்படியில்ல, ஒண்ணே திரும்பத் திரும்பக் கொட்டும். அதுல ஒண்ணை நசுக்கினா, அந்த வாடைக்கு மத்ததும் பாயும். சிலருக்கு ஒரே கொட்டுலகூட மூச்சு முட்டும். சுண்ணாம்பு தடவிட்டுப் பார்க்கலாம்னு காத்திருக்கவே கூடாது. நிறைய இடத்துல கொட்டியிருந்தா, நல்லா இருந்தாலும் வரணும். சிறுநீரகம் கெட்டுப்போக வாய்ப்பு இருக்கு. சிறுநீர் கறுத்தோ சிவந்தோ போனா உடனே ஓடி வாங்க" என்றார்.

மாமியாருக்குத் துணையாக என் நாத்தனாரை வைத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்தால், இங்கே வேறு கூத்து. என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மண்ணெண்ணெய், மூங்கில் கழி, கிழிந்த துணி சகிதம் தயாராக நிற்கிறார்கள்! அப்போதுதான் கிளையை நிமிர்ந்து பார்த்தேன். என் எலுமிச்சம்பழம் குடம் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதற்குப் பத்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுக் கீற்றுக் கொட்டகை.

"ஏங்க, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடலாமே" என்றேன். "ஒரு பூச்சிக் கூட்டுக்கா? கேட்டா சிரிப்பாங்க. எங்கப்பா காலத்துல நாங்களேதான் கொளுத்துவோம்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். என் கணவரும் தலையாட்டினார். சாதாரணமாக ஆண்கள் பேசும்போது குறுக்கே பேசுகிறவள் இல்லை நான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாமியார் மூச்சுக்குத் தவித்தது கண் முன்னால் நின்றது. "ஏற்கெனவே ஒரு உசிரு ஆஸ்பத்திரியில கிடக்கு. இன்னொருத்தரை அனுப்ப என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு, நானே 101-க்கு போன் செய்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. எவ்வளவு உயரம், பக்கத்தில் கூரை வீடு உண்டா, யாரையாவது கொட்டியதா என்று பொறுமையாகக் கேட்டார்கள். "பகல்ல பாதி வெளியில திரியும். இருட்டினதும் எல்லாம் கூட்டுக்குள்ள அடங்கிடும். அப்ப வர்றோம். அதுவரைக்கும் மரத்துப் பக்கம் யாரும் போக வேண்டாம், கூட்டுமேல டார்ச் அடிக்க வேண்டாம், மாட்டை அவிழ்த்துத் தூரமா கட்டுங்க" என்றார்கள்.

ஏழரை மணிக்கு வந்தார்கள். எல்லோரையும் உள்ளே போய்க் கதவு, ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள். முதலில் கீற்றுக் கொட்டகையைத் தண்ணீர் அடித்து நனைத்தார்கள். உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு இருவர் நீளக் கழியில் பந்தம் கட்டிக் கூட்டை எரித்தார்கள். கங்கு அணையும்வரை தண்ணீர்க் குழாயோடு ஒருவர் நின்றார். அரைமணியில் முடிந்தது. "ரெண்டு மூணு நாள் ஒண்ணு ரெண்டு சுத்தும். கிட்டப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. மண்ணெண்ணெயோடு நின்ற பெரியவர்தான் முதலில் வந்து, "நல்ல வேளை பண்ணினேம்மா" என்றார்.

மறுநாள் மாமியார் வீடு திரும்பினார். பயத்தில் நான் பூஜை அறைச் சுவரிலிருந்த மண்குளவிக் கூட்டையும் இடிக்கத் துடைப்பத்தோடு நின்றேன். "அதை ஏன்டி இடிக்கிறே? அது நம்ம வம்புக்கு வராது. நம்ம தோட்டத்துப் புழுவைத் தூக்கிட்டுப் போயிதான் அதுல வைக்குது" என்று தடுத்தார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பெரியவர்கள் சொல்வது நமக்குத் தெரியும். இப்போது அந்தக் கூட்டைப் பார்த்தால் பயம் வருவதில்லை. எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

தோழிகளே, மரத்தடியைப் பெருக்கும்போது வாரம் ஒரு தடவை தலை நிமிர்ந்து கிளையையும் பாருங்கள். கூடு தெரிந்தால், சின்னதுதானே என்று விடாமல் அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். மரத்தில் கொடி கட்டாதீர்கள். உதிர்ந்த பழத்தை உடனே அள்ளிவிடுங்கள். கதண்டு பறந்து வந்தால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் மாமியாருக்கும் பதினாறு வருஷமாக உப்பு, புளி முதல் எல்லாவற்றுக்கும் சண்டைதான். அன்றைக்குத் தன் உடம்பில் ஒன்பது கொட்டை வைத்துக்கொண்டு, என் கழுத்தில் சுண்ணாம்பு தடவினார். இப்போதும் சண்டை போடுகிறோம். ஆனால் துணிக்கொடியை இரும்புக் கம்பம் நட்டு மாற்றிக் கட்டியபோது, அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கட்டச் சொன்னேன்.

– ஒரு வாசகி, மன்னார்குடி.