பரிசலில் ஏறும் முன்...

ஆடிப்பெருக்கு வருவதால் பல குழுக்களில் ஒகேனக்கல் போக வேன் பேசி வருகிறீர்கள். வருடம் முழுக்க வீடு, காடு, தவணை என்று ஓடுகிறவர்கள் ஒரு நாள் அருவியில் குளித்து, மீன் குழம்பு சாப்பிட்டு வருவது நல்ல விஷயம்தான். ஆனால் பரிசல் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

முன்பு ஒரு குழுவோடு நாங்கள் போனபோது, பாதி ஆற்றில் செல்போனில் போட்டோ எடுக்க மூன்று பேர் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். பரிசல் சரிந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. பரிசல்காரர் சத்தம் போட்டு உட்கார வைத்தார். அப்போதுதான் கவனித்தோம், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், ஆனால் பாதிப்பேர் பெல்ட்டை மாட்டவில்லை. "வேர்க்குது மேடம்" என்றார் ஓர் அக்கா. பெல்ட் மாட்டாத ஜாக்கெட், தண்ணீரில் விழுந்தால் தலை வழியாகக் கழன்று போய்விடும். நாங்களும் ஏறும்போது பார்க்கவில்லை, அது எங்கள் தவறு.

பரிசல் என்பது மூங்கில் பின்னிய வட்டக் கூடை. எடை சுற்றிலும் சமமாக இருக்கும்வரை மிதக்கும். ஆகவே அடியில் உட்காருங்கள், எதிரெதிராக உட்காருங்கள், நடுவில் எழாதீர்கள். பெரிய படகுக்கும் இதே கதைதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்களிடம் லைஃப் ஜாக்கெட்டும் இல்லை.

அடுத்தது தண்ணீர். "இங்க மழையே இல்லையே, என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்பீர்கள். ஒகேனக்கல்லுக்கு வரும் வெள்ளம் நம்ம ஊர் மழையால் வருவதில்லை. ஆடி மாதம் குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிற மழை கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை நிரப்புகிறது. அங்கே திறந்துவிட்ட தண்ணீர்தான் இங்கே வந்து சேரும். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்தை அளக்கிறார்கள். அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடும். தடை இருக்கும்போது, "கொஞ்சம் கூடக் கொடுங்க, அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது வந்தால் போகாதீர்கள். வேன் வாடகை வீணாகிறதே என்ற வருத்தம் எங்களுக்கும் புரிகிறது. இருந்தாலும் போகாதீர்கள். குளிக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கி, குச்சியும் இலையும் அடித்து வந்தால் உடனே கரையேறுங்கள்.

ஏறுமுன் சேலை முந்தானையை இடுப்பில் செருகி, அதன் மேல் ஜாக்கெட் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட் ஆகாது, சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பிள்ளை கரையில், கூட ஒருவர்.

தவறி விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, காலை நீர் ஓடும் பக்கம் நீட்டி மிதந்து வாருங்கள். கரையில் இருப்பவர்கள் பதறிக் குதிக்க வேண்டாம். கயிறு, முடிச்சுப் போட்ட சேலை, மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். 112க்கு போன் செய்யுங்கள்.

போகும் குழுக்கள், யார் யார் வருகிறார்கள், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது என்று தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரிடம் ஒரு நகல் கொடுங்கள். கிளம்பும் நாள் காலையில் பரிசல் ஓடுகிறதா என்று விசாரித்த பிறகே வேனை எடுக்கச் சொல்லுங்கள்.