ஒரே நெஞ்சுவலி, வேறு வேறு பில்

திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். கையில் காசில்லாத சிவனடியார் பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவர்கள் உயிருக்கு மட்டுமா வேண்டுகிறார்கள், பணத்துக்கும்தான்.

தாத்தா காலத்தில் செலவுக் கவலையே எழவில்லை, ஏனென்றால் சிகிச்சையே கிடையாது. இந்தியாவின் முதல் பைபாஸ் இதய ஆபரேஷன் 1975-ல் நடந்தது. இடம், இதே ரயில் பாதையில் உள்ள பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. செய்தவர் டாக்டர் கே.எம்.செரியன். ரயில்வே குடும்பங்களுக்கு அங்கே வைத்தியம் வேலையோடு வந்த உரிமை. பக்கத்து வீட்டு விவசாயிக்கு அந்தக் கதவு இல்லை.

பிறகு வந்தது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட். பால்பாயின்ட் ரீஃபில் பருமனில் ஒரு வலைக்குழாய், அவ்வளவுதான். மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரியாக 1.21 லட்சம் ரூபாய்க்கு விற்றது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவரை மருத்துவமனை மட்டத்தில் மட்டும் 654 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டதாக ஆணையமே சொன்னது. படிக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அறை வாடகை, டாக்டர் ஃபீஸ், ஸ்டென்ட் பொருத்தும் கேத் லேப் கட்டணம் எதற்கும் உச்சவரம்பு இல்லை. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. கேட்டு வாங்குங்கள்.

லண்டனில் இருக்கும் மகனுக்கு இதே வலி வந்தால் மருத்துவமனையில் பில்லே கிடையாது. அங்கே வைத்தியம் 1948 முதல் வரிப்பணத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு, வேலை தரும் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் எப்படியோ அப்படி.

இங்கே முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மாதம் 12,000 வாங்கும் லேத் தொழிலாளியின் கணக்கு 1.44 லட்சம். அவருக்கு இந்தக் காப்பீட்டு அட்டை இல்லை. அரசு மருத்துவமனை உண்டு, வரிசையும் உண்டு. இந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

வருமானம் கேட்காத இடம் ஒன்று இருக்கிறது. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். காசு வாங்குவதில்லை.