பிள்ளையின் பத்தாம் வகுப்புக் கணக்கும் எங்கள் வர்க்கப்பூர்த்தியும்



"பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு கணக்குக் கொப்பியைப் பார்த்தால் ஒன்றுமே விளங்குதில்லை" என்று மார்க்கத்தில் பெற்றோர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை மிரட்டுகிற சொற்களில் ஒன்று 'வேர்ட்டெக்ஸ் போர்ம்'. ஒன்ராறியோ 2005இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு 'அக்கடமிக்' கணிதப் பாடத்திட்டத்தில் இது உண்டு. ஆனால் பெயர்தான் புதிது. ஊரில் சாதாரண தரத்துக்கு நாங்கள் படித்த வர்க்கப்பூர்த்திதான் இது. 'வேர்ட்டெக்ஸ்' என்பது வரைபின் திரும்பற் புள்ளி.

ஒரு விருந்தை எடுப்போம். ரிக்கெற் 20 டொலர் என்றால் 200 பேர் வருவார்கள். விலையை ஒவ்வொரு டொலராகக் கூட்டும்போதும் 5 பேர் குறைவார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டும் தொகை 'க'. பிள்ளையின் புத்தகத்தில் அது 'எக்ஸ்'.

வருமானம் = (20 + க)(200 − 5க)

விரித்து எழுதினால்: −5க² + 100க + 4000

இதில் 4000 உடனே தெரிகிறது. விலையைக் கூட்டாவிட்டால் கிடைக்கும் பணம் அது. எந்த விலையில் ஆகக் கூடிய பணம் சேரும் என்பது தெரியவில்லை. அதைக் காணத்தான் வடிவத்தை மாற்றுகிறோம்.

முதலாவது, முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து −5ஐ வெளியே எடுங்கள்:
−5(க² − 20க) + 4000

இரண்டாவது, 20இன் பாதி 10. அதன் வர்க்கம் 100. அடைப்புக்குள் 100ஐக் கூட்டி, உடனே கழியுங்கள். பெறுமானம் மாறாது:
−5(க² − 20க + 100 − 100) + 4000

மூன்றாவது, முதல் மூன்று உறுப்புகளும் சேர்ந்து நிறைவர்க்கம். மிஞ்சிய −100 வெளியே வரும்போது −5ஆல் பெருக்கப்பட்டு +500 ஆகும். பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான்:
−5(க − 10)² + 4500

இப்போது விடை கண்முன்னே நிற்கிறது. வர்க்கம் ஒருநாளும் மறையாகாது. அதற்கு முன்னால் −5 இருப்பதால் அந்தப் பகுதி 4500இலிருந்து குறைக்கவே செய்யும். அது பூச்சியமாவது க = 10 ஆகும்போது மட்டுமே. ஆகவே விலை 30 டொலர், வருவோர் 150 பேர், வருமானம் 4500 டொலர்.

சரிபார்க்க, இரு பக்கமும் இரண்டு டொலர் நகருங்கள். 28 டொலருக்கு 160 பேர், 32 டொலருக்கு 140 பேர். இரண்டிலும் 4480 டொலர்தான். சமச்சீர் அச்சு என்று நாங்கள் படித்தது இதைத்தான்.

கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வருமானம் வேறு, இலாபம் வேறு. ஒரு சாப்பாட்டுக்கு 10 டொலர் செலவு என்றால் இலாபம் (10 + க)(200 − 5க). இதை அதே முறையில் மாற்றினால் −5(க − 15)² + 3125 வரும். இலாபத்துக்கு நல்ல விலை 35 டொலர்! பிள்ளையோடு இருந்து செய்து பாருங்கள்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் அல்-குவாரிஸ்மி, ஒரு சதுரத்தின் குறைந்த மூலையை நிரப்பி இந்த முறையை விளக்கினார். பூர்த்தி என்ற சொல்லின் பொருளும் அதுதான்.

ஆங்கிலச் சொல் தெரியவில்லை என்பதற்காகக் கணக்கே தெரியாது என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லட்டும், நீங்கள் தமிழில் சொல்லுங்கள். விடை ஒன்றுதான்.