மூட்டைக்குள் முளைக்கும் நெல்

செடி வளர என்னென்ன வேண்டும் என்று புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மண், தண்ணீர், காற்று, வெளிச்சம் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மதிப்பெண் போட்டுவிடலாம்தான். ஆனால், அவர்கள் வீட்டிலேயே விதை நெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, நீரை வடித்து, ஈரச்சாக்கில் கட்டி, இன்னொரு நாள் இருட்டில் மூட்டம் போடுகிறார்கள். சாக்கை அவிழ்த்துக் கைவிட்டால் கதகதவென்றிருக்கும். நெல் நுனியில் வெள்ளையாக முளை. அங்கே மண் ஏது, வெளிச்சம் ஏது?

முளைப்பது வேறு, வளர்வது வேறு. பாடத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். முளைக்க ஈரம், காற்று, மிதமான சூடு இருந்தால் பெரும்பாலான விதைகளுக்குப் போதும். சாப்பாடு உள்ளேயே இருக்கிறது, கட்டுச்சோறு மாதிரி. அரிசியை விதைத்தால் முளைக்காததற்குக் காரணமும் இதை ஒட்டியதே: ஆலையில் தீட்டும்போது கரு உதிர்ந்துவிடுகிறது; சோறு மட்டும் மிச்சம்.

இதைக் காட்ட மூன்று கொட்டாங்கச்சியும் ஒரு பிடி பச்சைப் பயறும் போதும். ஒன்றில் பயறு காய்ந்தபடி, ஒன்றில் ஈரத்துணிக்குள், ஒன்றில் தண்ணீரில் மூழ்கி. மறுநாளே ஈரத்துணிப் பயறு வால் விட்டிருக்கும். மூழ்கியது உப்பி, இரண்டொன்று முளைவிட்டாலும், சில நாளில் நாறத் தொடங்கும். அந்த நாற்றம்தான் பாடம்: தண்ணீர் கூடினால் காற்று போச்சு. (கொண்டைக்கடலையை வைத்து இதே சோதனை என்.சி.இ.ஆர்.டி.யின் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் வந்திருக்கிறது.)

கட்டுச்சோறு தீர்ந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வேலை. இருட்டறையில் வைத்த முளைப்பாரி வெளிறிய மஞ்சளில் நெடுநெடுவென்று நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மண்ணைத்தான் செடி தின்கிறது என்ற எண்ணம் பெரியவர்களுக்கும் உண்டு. ஐரோப்பாவில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 ராத்தல் காய்ந்த மண்ணில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்தாண்டில் மரம் 169 ராத்தலைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648-இல் இது அச்சானது. எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் நினைத்தது பாதிதான் சரி. காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்துதான் மரமாகிறது; அதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதை 1779-இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். மண்ணிலிருந்து போவது உப்புப் போட்ட அளவுதான். ஆனால் உப்பில்லாமல் சமையல் இல்லையே. சத்து குறைந்தால் நாற்று மஞ்சளாகிவிடும்.

பாகூரில் பள்ளிக்கும் வயலுக்கும் உறவு பழையது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சம்பாவுக்கு நாற்று விடும்போது அரை நாள் வகுப்பை வரப்புக்கு மாற்றுங்கள். குரும்பாப்பேட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கேயும் கேட்டுப் பாருங்கள். பிள்ளை சேற்றுக்காலோடு வீடு வந்தால் பெற்றோர் திட்ட வேண்டாம்.