பங்கு வகுக்கப்பட்டுவிட்டது; பட்டியலை எழுதுவது யார்?

பெயரும் ஊரும் தேவையில்லை. கிழக்குக் கரையில் ஒரு குடும்பம். வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்து பிள்ளைகள் கூடியிருந்தார்கள். மனைவி, ஆண்மக்கள் இருவர், பெண்மக்கள் மூவர். மூத்தவர் பள்ளி இமாமிடம் போய்க் கேட்டார். ஐந்து நிமிடத்தில் பங்கைச் சொல்லிவிட்டார் இமாம். எட்டாகப் பிரியுங்கள்: உம்மாவுக்கு ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு, பெண்பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. கணக்கு அவ்வளவு சுத்தம்.

ஆனால் எதை எட்டாகப் பிரிப்பது என்று கேட்டதும்தான் சத்தம் கிளம்பியது. "கடையில போட்ட முதல் என்ட கட்டார்க் காசு, அது வாப்பாட இல்ல" என்றார் மூத்தவர். "வயல் பர்மிட்ல என்ட பேர்தானே இரிக்கி" என்றார் இளையவர். "எனக்குத் தந்த வீட்டுக்கு உறுதி எழுதவே இல்லியே" என்று அழுதாள் கடைசி மகள். கூடத்தின் மூலையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஏற்கனவே மௌத்தான நடு மகனின் பிள்ளை. அவனுடைய பேர் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பங்கு கேட்டுப் பிரிந்த அந்தச் சகோதரங்கள் இன்றுவரை ஒருவர் வீட்டுப் பெருநாள் சோற்றை மற்றவர் சாப்பிடுவதில்லை. இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விடயம் விளங்கியது. பராயிழ் இருக்கிறது, எல்லாம் அதன்படி நடக்கும் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பங்குகளை அல்லாஹ் வகுத்துவிட்டான் என்பது உண்மை. ஆனால் எது சொத்து, எது கடன், எது பிறருடையது என்ற பட்டியலை எழுதும் வேலை உயிரோடு இருக்கும் நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

நான்கு படிகள்

ஒருவர் மௌத்தானதும் அவருடைய சொத்து நேரே வாரிசுகளுக்குப் போவதில்லை. முதலில் ஜனாஸாச் செலவு. அடுத்து கடன்கள். மூன்றாவதாக, மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வஸிய்யத். கடைசியாகத்தான் வாரிசுப் பங்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம், 12ஆம் வசனங்கள் பங்குகளைச் சொல்லும்போது, வஸிய்யத்தையும் கடனையும் தீர்த்த பின்னரே என்று மீண்டும் மீண்டும் நினைவூட்டுகின்றன.

கடன் என்றால் வங்கிக் கடன் மட்டுமல்ல. கொடுக்காமல் விட்ட மஹர், நிறைவேற்றாத ஸக்காத், நண்பரிடம் வாய்ப்பேச்சாக வாங்கிய காசு, வேலையாளின் பாக்கிச் சம்பளம் எல்லாம் கடன்தான். விவாகப் பதிவில் மஹர் இவ்வளவு என்று எழுதியிருக்கும். கொடுத்தேன் என்பதற்கு என்ன சாட்சி? மனைவியோடு உட்கார்ந்து இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் வைப்பது, பின்னாளில் அவள் பிள்ளைகளின் முன்னால் வாய் திறந்து கேட்க வேண்டிய சங்கடத்தைத் தவிர்க்கும்.

ஒரு கணக்கு

அதே குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். உம்மாவின் பேரில் உள்ள வீடு உம்மாவுடையது, கணக்கில் சேராது. மகனுடைய காசு என்று நிரூபணமான கடை முதலும் சேராது. வாப்பாவின் சொந்தச் சொத்து ஒரு கோடி ரூபாய் என்று வைப்போம். ஜனாஸாச் செலவும் கடனும் நான்கு இலட்சம். மிச்சம் 96 இலட்சம். இதில் வஸிய்யத்தின் உச்ச எல்லை 32 இலட்சம்.

ஷாபிஈ மத்ஹபின்படி ஆண்மக்கள் உயிரோடு இருக்கும்போது இறந்த மகனின் பிள்ளை வாரிசாக மாட்டான். இது சிலருக்கு மனவருத்தமாக இருக்கும். ஆனால் வாரிசல்லாதவன் என்பதனாலேயே அவனுக்கு வஸிய்யத் செய்ய வழி திறந்திருக்கிறது. எகிப்து 1946இல் இத்தகைய பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டாய வஸிய்யத்தைச் சட்டமாக்கியது. எங்கள் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. பாட்டனார் எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

அந்தப் பாட்டனார் 16 இலட்சம் பேரனுக்கு என்று எழுதியிருந்தால் மிச்சம் 80 இலட்சம். எட்டுப் பங்கு, பங்கொன்று பத்து இலட்சம். உம்மாவுக்குப் பத்து, ஆண்பிள்ளைகளுக்கு இருபது இருபது, பெண்பிள்ளைகளுக்குப் பத்துப் பத்து. பையனுடைய வாப்பா உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியது ஏறக்குறைய 18 இலட்சத்து 67 ஆயிரம். ஆக, ஒரு பக்கத் தாள் அந்தப் பையனை அவனுடைய வாப்பாவின் இடத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து விட்டிருக்கும். எழுதாததால் அவன் சாச்சாமாரின் தயவில் நிற்கிறான்.

மூன்றில் ஒன்று, சட்டமும் மனச்சாட்சியும்

ஸஃத் இப்னு அபீவக்காஸ் (ரழி) நோயுற்றபோது தமது செல்வத்தின் பெரும்பகுதியைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றுக்கு மேல் அனுமதிக்கவில்லை. அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விட்டுச் செல்லாதிருப்பதே மேல் என்று காரணமும் சொன்னார்கள். வாரிசாகும் ஒருவருக்கு வஸிய்யத் இல்லை என்பது இன்னொரு விதி. மற்ற வாரிசுகள் சம்மதித்தால் ஆகும். ஆனால் அந்தச் சம்மதம் மௌத்துக்குப் பின்னர் சொல்லப்படுவதாக இருக்க வேண்டும். வாப்பா கட்டிலில் கிடக்கும்போது மரியாதைக்காகத் தலையாட்டுவது சம்மதமாகாது.

இங்கே ஒரு பொறுப்பு நம் தலையில் விழுகிறது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்ற வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்துக்கே அவரது மத்ஹபின் சட்டத்தைப் பொருத்துகிறது. மரணசாசனம் எழுதினால் நாட்டின் பொதுச் சட்டம்தான். அதில் மூன்றிலொன்று என்ற எல்லை கிடையாது. ஒருவர் முழுச் சொத்தையும் ஒரே மகனுக்கு எழுதினாலும் நீதிமன்றம் மார்க்க எல்லையைச் சொல்லித் தடுக்காது. ஆகவே மார்க்க எல்லையைக் காக்கும் காவலாளி எழுதுகிறவரின் மனச்சாட்சி மட்டுமே. நொத்தாரிசிடம் போகுமுன் ஓர் ஆலிமிடம் போங்கள். ஆலிமிடம் கேட்டுவிட்டு நொத்தாரிசிடம் போகாமலும் இருக்காதீர்கள்.

ஏனென்றால் வடிவம் பிழைத்தால் எழுதியது வெறும் தாள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாசனம் நொத்தாரிசு முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும். டயறியில் எழுதி வைத்தேன், போனில் குரல் பதிவு செய்தேன் என்பவை நீதிமன்றத்தில் நிற்காது.

உயிரோடு கொடுப்பது

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழமை. இதில் மூன்று இடத்தில் கால் இடறுகிறது.

முதலாவது, வாயால் கொடுப்பது. காணியின் உரிமை நொத்தாரிசு உறுதியால் மட்டுமே கைமாறும். "இந்த வளவு உனக்குத்தாண்டி மகள்" என்று ஊரே கேட்கச் சொன்னாலும், உறுதி இல்லாவிட்டால் வாப்பாவின் மௌத்துக்குப் பின் அது எல்லா வாரிசுக்கும் உரிய சொத்து.

இரண்டாவது, உறுதியின் வாசகம். 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, முஸ்லிம் ஒருவரின் நன்கொடை உறுதியில் மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்டிருந்தாலன்றி அது மீளப்பெறக் கூடியது என்கிறது. அதே பிரிவு, உறுதியைக் கையில் ஒப்படைப்பதைச் சொத்தை ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்கிறது. மகளுக்குக் கொடுத்த உறுதியை எடுத்து இன்றே ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, கொடுத்தவர்களின் பாதுகாப்பு. வீட்டை மகள் பேருக்கு மாற்றிவிட்டு அதே வீட்டில் உம்மாவும் வாப்பாவும் வாழ்கிறார்கள். மகள் முந்தி மௌத்தானால்? அவளுக்குப் பிள்ளைகள் இருந்தால் கணவருக்கு நான்கில் ஒன்று, உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஆறில் ஒவ்வொன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லாவிட்டால் கணவருக்குச் சரிபாதி. மருமகன் மறுமணம் செய்து தன் பங்கைக் கேட்டால் அது அவருடைய உரிமை; குற்றம் சொல்ல முடியாது. சீவிய உருத்தை ஒதுக்கி உறுதி எழுதினால் பெற்றார் சாகும்வரை அங்கே இருக்கலாம். இப்படி எழுதப்படும் நன்கொடைக்கு அச்சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி உரோம டச்சுச் சட்டமே பொருந்தும். ஆகவே வாசகத்தை அனுபவமுள்ள நொத்தாரிசு எழுதட்டும்.

இன்னொன்று. நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் தகப்பனார் ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்புச் செய்து அதற்கு நபியவர்களைச் சாட்சியாக அழைத்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்ட நபியவர்கள், இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். உயிரோடு கொடுப்பதிலும் நியாயம் கேட்கப்படும். அதேபோல மரண நோயில் கிடந்தபடி கொடுப்பது அன்பளிப்பாக அல்ல, வஸிய்யத்தாகவே கணிக்கப்படும். அதற்கும் மூன்றிலொன்று எல்லை உண்டு.

பர்மிட் காணியும் நியமனதாரரும்

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி வேறு விதம். அங்கே பராயிழ் நேரடியாக ஓடாது. உரியவர் பின்னுரித்தாளரை நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும். அந்த வரிசையில் முன்பு ஆண்பிள்ளைக்கு முதலிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது. ஒருவர் பேரில் வரும் இந்த வயலின் விளைச்சல் எப்படிப் பகிரப்படும் என்பதைப் பிள்ளைகள் அறிய எழுதிவைப்பது வாப்பாவின் வேலை. பிரதேச செயலகத்துக்குப் போய் யாருடைய பேர் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு அதுவே தெரியாது.

வங்கிக் கணக்கிலும் ஊழியர் சேமலாப நிதியிலும் நியமனதாரர் என்று ஒருவரின் பேர் கொடுத்திருப்போம். காசு இலகுவாகக் கைக்கு வர அது உதவும். ஆனால் உழைத்துச் சேர்த்த அந்தக் காசு மார்க்கப்படி எல்லா வாரிசுகளுக்கும் உரியது; பேர் உள்ளவர் அமானிதம் காப்பவர். கலியாணத்துக்கு முன் உம்மாவின் பேரைப் போட்டவர்கள் இன்னும் மாற்றாமல் இருப்பதும் உண்டு.

ஒரு தாள் போதும்

இந்த வாரம் செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். ஒரு தாளில் ஐந்து தலைப்புப் போடுங்கள். என்னுடையது எது. என் கையில் இருந்தும் என்னுடையதல்லாதது எது: மகன் அனுப்பிய காசு, மனைவியின் நகை, தம்பியோடு கூட்டுக் கடை. நான் கொடுக்க வேண்டியது. எனக்கு வர வேண்டியது. உறுதிகளும் வங்கிப் புத்தகங்களும் இருக்கும் இடம். எழுதித் திகதி போட்டு, மனைவிக்கும் பிள்ளைகளில் இருவருக்கும் காட்டுங்கள். இந்தத் தாள் மரணசாசனம் அல்ல; அது வேறாக, முறையாக எழுதப்பட வேண்டும். ஆனால் சண்டை தொடங்கும் இடத்தை இந்தத் தாள் அடைத்துவிடும்.

வஸிய்யத் செய்ய ஏதும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. நாமோ இருபது வருடங்களைக் கழிக்கிறோம். "மௌத்தைப் பற்றி இப்ப ஏன் பேசுற" என்று பிள்ளைகள் வாயை அடைப்பார்கள். அடைக்கட்டும். அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனுக்காக ஒரு பாட்டனாரும் பேனா எடுக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு நாம் எழுத உட்காருவோம். அல்லாஹ் நம் குடும்பங்களின் உறவைக் காப்பானாக.