ஓடோமீட்டர் காட்டாத வயது

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் ஓடோமீட்டரைப் பார்ப்பார்கள், பிறகு பானெட்டைத் திறப்பார்கள். என்னைக் கேட்டால், இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த வண்டி குளிர்காலங்களை எந்த மாநிலத்தில் கழித்தது? ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் செய்த வண்டிகளே ஆனாலும், வறண்ட அரிசோனாவில் ஓடியதற்கும் பனி கொட்டும் வெர்மான்ட்டில் ஓடியதற்கும் ஆயுள் வேறு.

டொயோட்டா டகோமாவின் கதை இதைத் தெளிவாகச் சொல்கிறது. உழைப்புக்குப் பெயர் வாங்கிய பிக்கப் அது. ஆனால் குளிர் மாநிலங்களில் பல டகோமாக்கள், இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சேசிஸ் இற்றுப்போய் நின்றன. 2008-இல் டொயோட்டா, 1995 முதல் 2000 வரையிலான டகோமாக்களின் சேசிஸுக்குத் துரு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. மோசமானவற்றைத் தானே திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த தலைமுறை டகோமாவும் வேறு சில டொயோட்டா வண்டிகளும் தொடர்பான வழக்கு 2016-இல் சமரசத்துக்கு வந்தபோது, சுமார் 15 லட்சம் வண்டிகள் அதற்குள் அடங்கின. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள்.

பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்புதான் இதில் பெரிய எதிரி. துருப்பிடிப்பது அடிப்படையில் ஒரு மின் வேலை. இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி, பக்கத்தில் இன்னோரிடத்தில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. சுற்று முடிய வேண்டுமானால் மேலிருக்கும் நீர்ப்படலத்தில் அயனிகள் நகர வேண்டும். சுத்தமான நீரில் அவை மிகக் குறைவு. உப்பு கரைந்துவிட்டால் தடையே இல்லை.

இன்னும் வியப்பானது, உப்பு காயவிடாது என்பது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். சாலைகளில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். மழையும் பனியும் இல்லாத நாளிலும் வண்டிக்கு அடியில் இரும்பு நனைந்தே கிடக்கிறது. உறைகுளிரில் இந்த வேதிவினை மந்தமாக நடக்கும். உப்புச் சேற்றோடு வந்த வண்டியைக் கழுவாமல், கதகதப்பான கராஜில் அன்போடு நிறுத்துகிறவர், தெரியாமல் அதை வேகப்படுத்திவிடுகிறார்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் வீங்கி, பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரியும். ஒவ்வோர் அடுக்கும் உதிர, அடியிலிருக்கும் புது இரும்பு உப்புக்கு இரையாகும். சேசிஸின் பெட்டி போன்ற பகுதிகளில் இது உள்ளிருந்தே தொடங்குகிறது. வடிகால் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் உள்ளே தேங்கிய உப்புநீருக்கு வெளியேற வழியில்லை. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

ஆகவே ஒரு டார்ச்சும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுங்கள். பின் அச்சுக்கு மேலே, ஸ்பிரிங் பட்டை பொருந்தும் இடம், ஸ்டெப்னி தொங்கும் இடத்துக்கு மேல்பக்கம், இவற்றை விடாதீர்கள். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். இற்ற இரும்பு 'தொப்' என்று அடங்கும், செதில் கையில் கொட்டும். மேலோட்டமான செம்பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம். விற்பதற்கு முந்தைய வாரம் புதிதாகப் பூசிய கறுப்புப் பூச்சைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். இஞ்சின் போனால் இன்னொன்று வாங்கிப் பொருத்தலாம். சேசிஸ் போனால் கேபின், இஞ்சின், அச்சு, பிரேக் குழாய் என மொத்த வண்டியையும் கழற்றி வேறொன்றின்மேல் ஏற்ற வேண்டும்.

வடக்கே இருப்பவர்கள் சிலர் இதற்காகவே தெற்கு மாநிலங்களுக்குப் போய் வண்டி வாங்கி வருகிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் டெக்சாஸ் வண்டி என்பதற்காகச் சுத்தியலை வைத்துவிட்டுப் போகக்கூடாது. கடற்கரையில் படகை இறக்க, பின்சக்கரம் நனையக் கடல்நீருக்குள் ரிவர்ஸ் எடுத்தே பழகிய பிக்கப்புகள் அங்கும் உண்டு.